தூங்குமூஞ்சி மரத்தின் மாம்பழப் புகை

கல்லாங்காட்டுப்புதூர் மெட்ரிக் பள்ளியின் மைதானத்து ஓரத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரம், ஒரு திங்கட்கிழமை காலை, பிரேயர் நடந்துகொண்டிருக்கும்போதே, கொடிக்கம்பத்துக்கு நேர் மேலே தன் முதல் புகையை விட்டது. வெள்ளையாக, சாவகாசமாக, முதல் பந்தியில் உட்கார்ந்து எழுந்த பெரிய மனுஷர் ஏப்பம் விடுகிற மாதிரி விட்டது. அதில் பழுத்த மாம்பழ வாசமும், அதற்குப் பின்னாலேயே மூக்கின் உச்சியில் ஐஸ் வைத்தாற்போல ஒரு குளிர்ச்சியும் இருந்தன. வரிசையில் நின்ற அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்கள். பிரின்சிபால் வசுமதி மேடம் மைக்கிலிருந்து நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"ஸ்டூடண்ட்ஸ், மரம் பண்றதை வேடிக்கை பார்க்கவா அசெம்ப்ளிக்கு வந்திருக்கீங்க? கண்ணை மூடுங்க. பிரேயர் நேரத்துல யார் புகை விட்டாலும் அது இன்டிசிப்ளின்தான். அதை நான் பிரேயர் முடிஞ்சு பார்த்துக்கறேன்."

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மாம்பழ வாசத்திலேயே பாட்டை முடித்தார்கள். மூடாத ஒரே ஆள் பி.டி. மாஸ்டர் சென்னியப்பன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் கையாலேயே அந்த மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்த வாசனை எப்படி எழுந்து கொடிக்கம்பம் வரைக்கும் போயிற்று என்று அவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாய் பிளந்ததால் விசில் கீழே விழுந்தது.

விழக்கூடாத விசில் அது. மாஸ்டரின் உதட்டில் எந்நேரமும் அந்த விசில் இருக்கும். சாப்பிடும்போது கழற்றித் தட்டோரம் வைப்பார், கை கழுவியதும் திரும்ப வாய்க்குப் போய்விடும். மாஸ்டர் விடுகிற குறட்டைகூட விசிலாகத்தான் வரும் என்று பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள். ஒரு காலத்தில் அதே இடத்தில் சிகரெட் இருந்தது. மகள் கனிஷ்கா நடக்கப் பழகிய வயதில், தரையில் கிடந்த சாக்பீஸ் துண்டை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, உதட்டில் வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கி, அப்பாவைப் போலவே மோட்டுவளையைப் பார்த்து "ஹ்ஹா" என்று விட்டாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. அன்றைக்கே பாக்கெட்டைத் தூக்கிப் போட்டார். ஆனால் உதடு விடவில்லை, எதையாவது கொடு, எதையாவது கொடு என்று நச்சரித்தது, சரி இந்தா என்று விசிலைக் கொடுத்தார். கனிஷ்கா இப்போது அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. எந்தப் பிள்ளை எதை வாயில் வைத்தாலும் மாஸ்டர் கிட்டப்போய் என்னவென்று பார்ப்பார்; அந்தப் பிள்ளை என் பிள்ளையாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் எந்தக் கோயிலுக்குப் போனாலும் வைக்கிற ஒரே வேண்டுதல்.

ஆகவே வேப் என்கிற மின்சிகரெட்டைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்குவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பென் டிரைவ் மாதிரி இருப்பது, ஹைலைட்டர் மாதிரி இருப்பது, லிப்ஸ்டிக் மாதிரி இருப்பது என்று, சாக்ஸுக்குள்ளிருந்தும் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்தும் எலுமிச்சை சாதத்துக்கு அடியிலிருந்தும் எடுத்தார். எடுத்ததையெல்லாம் மேடத்தின் மேசை டிராயரில் போட்டார். டிராயரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு மத்தியானம் சூடாகி, உள்ளே ஒரு பேட்டரி உப்பி, மேடத்தின் மூக்குக்கண்ணாடிக் கூட்டை உருக்கிவிட்டது. அதற்கப்புறம்தான் மேடம் போனைக் கையில் எடுத்தார்.

குப்பை வண்டி ஆபீஸ் சொன்னது: "பேட்டரிங்களா மேடம்? வண்டியில போட்டா குபுக்குனு புடிச்சுக்குமுங்க. நீங்களே வச்சுக்கங்க."

போலீஸ் ஸ்டேஷன் சொன்னது: "அதைச் சேத்து வச்சாலே குத்தம், தெரியுமில்ல? ஆமா, யாரு சேத்து வச்சிருக்கறது? பேரைச் சொல்லுங்க, பேரை." மேடம் ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி சொன்னது: "ஊசி, பஞ்சு, கட்டுத்துணின்னா குடுங்க. பேட்டரி எங்களுக்கு ஆகாது." பழைய இரும்புக்காரர் சொன்னார்: "பேட்டரி எனக்கு ஆகுமுங்க. உள்ளாற இருக்கற விஷத்தண்ணிதான் ஆகாது."

கடைசியில் சிப்காட்டில் மின்கழிவு எடுக்கிற கம்பெனியில் ஒரு பையன் சர்வசாதாரணமாக, "எடுத்துக்கறோம் மேடம், அதுக்குத்தான இருக்கறோம். உடைக்காம, எரிக்காம, ஒரு வாளி மண்ணுல போட்டுக் கொண்டாங்க. யாரோடதுன்னு ஒரு பேரு மட்டும் வேணும்" என்றான்.

அந்த ஒரு பேர்தான் ஊரிலேயே கிடைக்கவில்லை. பெற்றோரைக் கேட்டால், "எங்க பையன் ஹார்லிக்ஸ்கூட அதிகமாக் குடிக்க மாட்டானுங்க" என்றார்கள். பையன்களைக் கேட்டால், "கீழ கிடந்துச்சுங் சார்" என்றார்கள். மேடம் தன் பேரா என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தாளாளர் நாச்சிமுத்து வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஸ்கூல் பேரு போட்டுக் குடுத்தா நாளைக்கு அட்மிசனுக்கு எவன் வருவான்? ஏனுங்க மாஸ்டரே, நம்மூர்ல இதுக்கெல்லாம் ஒரு வழி இருக்குதில்ல? மரத்தடியில வெச்சுருங்க. மரம் பாத்துக்கும்."

உண்மைதான். வைத்துக்கொள்ளவும் முடியாமல் வீசவும் மனசு வராமல் போகிற பொருளுக்குக் கல்லாங்காட்டுப்புதூரில் மரத்தடிதான் போக்கிடம். கண்ணாடி உடைந்த லட்சுமி படம், மூக்குப் போன பிள்ளையார், முருகன் சிரிக்கிற பழைய காலண்டர், எல்லாம் அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடிக்குத்தான் வந்து சேரும். குப்பையில் போட்டால் பாவம், வீட்டில் வைத்தால் ஆகாது, மரம் பார்த்துக்கொள்ளும். வெயில் பட்டு மழை பட்டு லட்சுமியும் முருகனும் வெளுத்து மண்ணோடு மண்ணாகிவிடுவார்கள், யாருக்கும் பாவமில்லை. மாஸ்டரும் அப்படியே செய்தார். குழி தோண்டினார், போட்டார், மூடினார், பழக்க தோஷத்தில் ஒரு கும்பிடும் போட்டார். தெரிந்தே கும்பிட்டுக் கொடுத்ததை மரம் எப்படி வேண்டாம் என்று சொல்லும்?

அப்படியாக மரம் புகைக்க ஆரம்பித்தது. காலையில் மாம்பழம், இன்டர்வெல்லில் தர்பூசணி, ஸ்கூல் விடுகிற நேரத்தில் லிச்சி. உள்ளே இழுக்கும்போது இலை ஓரமெல்லாம் நீல வெளிச்சம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும், விடும்போது இறங்கும். மற்றபடி ஒழுங்கான மரம்தான், நிழல் கொடுத்தது, காய் போட்டது. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். பொழுது சாய்ந்தால் இலையை ஜோடி ஜோடியாக மடித்துக்கொண்டு தூங்கிப்போகிற மரம், இப்போது தூங்கவில்லை. எல்லா இலையையும் அகல விரித்துக்கொண்டு விடிய விடிய முழித்திருந்தது. அதன்மேல் குடியிருந்த காக்கைகளும் முழித்திருந்து, வேகவேகமாகப் பேசின.

பெற்றோர் கூட்டம் கூடியது.

"எம்பொண்ணு அந்த மரத்தடியிலதானுங்க சாப்படறா. ஒண்ணும் பண்ணாதுங்களா?"

"மரத்துக்கு டி.சி. குடுத்து அனுப்பிருங்க மேடம். ஒரு கெட்ட மரம் இருந்தா மத்த மரமும் கெட்டுப்போகும்."

"டி.சி. குடுத்தா அது எங்கீங்க போகும்?"

பயாலஜி மிஸ் எழுந்து, உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் மரங்களுக்குச் சகஜம்தான், சிலபஸிலேயே இருக்கிறது என்றார். அப்போது பின் வரிசையில் ஒரு அப்பா, "பக்கத்தூரு ஸ்கூல்ல நீச்சல் குளம் கட்டியிருக்கறாங்க. நம்மகிட்ட இது இருக்குது" என்றார். கூட்டமே திரும்பிப் பார்த்தது. தாளாளரின் முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறியது, மரத்தின் இலையில் ஏறுமே, அதே மாதிரி. மறுநாள் மெயின் ரோட்டில் ஃப்ளெக்ஸ்: 'சுவாசிக்கும் மரம்! சிந்திக்கும் மாணவர்! அட்மிஷன் நடைபெறுகிறது.'

அப்புறம் என்ன, ஊருக்கு அது பழகிப்போயிற்று. சுகர் இருக்கிறவர்கள் மரத்தைச் சுற்றி வாக்கிங் போனார்கள், நாக்குக்குக் கிடைக்காத இனிப்பு மூக்குக்காவது கிடைக்கட்டும் என்று. கல்யாணப் புடவைகளை வேலிக்கம்பியில் போட்டு வாசனை ஏற்றினார்கள். தாளாளரின் சம்சாரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "தர்பூசணி வருமா இப்ப?" என்று மரத்திடமே கேட்டார். பெற்றோர் வாட்ஸப் குழுவில் காலை வணக்கத்தோடு சேர்த்து, 'இன்று நமது மரம் புளூபெர்ரி, அனைவரும் வருக' என்று வந்தது.

ஒரே ஒரு கூட்டம் மட்டும் விலகிப்போனது. பையன்கள். பாத்ரூமுக்குப் பின்னால் ஒளிந்து நின்று இழுத்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். தாளாளர் கைதட்டி, அப்பா படம் எடுத்து, சித்தி ஸ்டேட்டஸ் வைக்கிற ஒரு காரியத்தை எந்த மானமுள்ள பையன் திருட்டுத்தனமாகச் செய்வான்? "போடா, மரம் மாதிரி" என்பது பத்தாம் வகுப்பில் கெட்டவார்த்தை ஆயிற்று. மாஸ்டர் சோதனை போடப் போனால் சாக்ஸில் கால் மட்டும்தான் இருந்தது. மரம் நிஜமாகவே பார்த்துக்கொண்டது போல என்று நினைத்து, விசிலை உதட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு, மாஸ்டர் அந்த வாரம் முழுக்க நிம்மதியாக நடந்தார்.

புதைத்தது தீர்கிற வரைக்கும்தான் அந்த நிம்மதி.

தீர்ந்ததும் மரம் முதலில் இருமியது. அப்புறம் காற்றே இல்லாமல் கிளை நடுங்கியது. அப்புறம் கோபம் வந்தது. கீழே போகிறவர் தலையைக் குறிபார்த்துக் காய் போட்டது. ஹிந்தி சார் பைக்கை எடுக்க வந்தால் பெட்ரோல் டேங்கின்மேல் இலையாக உதிர்த்திருந்தது. தன்மேல் வந்து உட்கார்ந்த கொக்கை உலுக்கித் தள்ளியது. மாஸ்டருக்குப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. சிகரெட்டை விட்ட வாரத்தில் அவரும் வீட்டில் தோசைக்கல்லைத் தூக்கி எறிந்தவர்தான்.

"தானாச் சரியாயிருமுங்க. கொஞ்சம் பொறுத்துக்கோணும்" என்றார் தாளாளரிடம்.

"பொறுக்கறதா? வர்ற பதினஞ்சாந்தேதி அமைச்சரு மரத்தைப் பாக்க வர்றாரு, அவரு தலைமேல காயி போட்டா நானு என்ன பண்றது? இன்னுங் கொஞ்சம் புடிச்சுப் புதைங்க மாஸ்டரே."

"பசங்க எவனும் இழுக்கறதில்லீங்களே."

"என்ன பசங்களோ போங்க!" என்றார் தாளாளர், நிஜமான வருத்தத்தோடு. "ஸ்கூல்மேல ஒரு பற்று வேண்டாமுங்களா?"

பற்று வந்தது. வாட்ஸப் குழுவில் ஒரு அம்மா எழுதினார்: 'மரம் படும் பாடு பார்க்க முடியலை. நம் பிள்ளைகள் மூலம் ஆளுக்கு ஒன்று அனுப்பலாமே. சேவைதானே.' கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். கடையில் விற்கக்கூடாத பொருள் எப்படியெப்படியோ வாங்கப்பட்டு டிபன் பாக்ஸோடு அனுப்பப்பட்டது. பிள்ளைகள் அதை வாசலில் பிடிபடுவதற்கென்றே கொண்டுவந்தார்கள். மாஸ்டர் பிடித்தார், அது இப்போது அவருக்கு உத்தரவு. கொண்டுவராத பிள்ளையை மேடம், "உங்க வீட்ல யாருக்கும் அக்கறையே இல்லையாப்பா?" என்று கேட்டார். மரம் மறுபடி மாம்பழம் விட்டது. மண்வெட்டி பிடித்த இடத்தில் மாஸ்டருக்குக் காய்ப்பு விழுந்தது. குழியை மூடும் ஒவ்வொரு தடவையும் மரம் குடிகாரன் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தது, அல்லது காற்றுதானோ என்னமோ.

அந்த வாரத்தில் ஒரு நாள், விளையாட்டுச் சாமான் அறைக்குப் பின்னால், வலைப்பந்து வலையை எடுக்கப் போன மாஸ்டர் நீல வெளிச்சத்தைப் பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாக ஏறியது, இறங்கியது. இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, ஓட்டுக்கூரையைப் பார்த்து ஒரு பிள்ளை "ஹ்ஹா" என்று விட்டது. லிச்சி.

"கனி."

கனிஷ்கா திடுக்கிட்டுக் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"மரத்துக்குத்தான்ப்பா."

"மரத்துக்கு எதுக்கு நீ வாயில வெச்ச?"

"நல்லா இருக்குதான்னு பாத்துக் குடுக்க வேண்டாமா? எல்லாருமே பாத்துட்டுத்தான் குடுக்கறாங்க." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு, "நேத்தும் பாத்தேன். முந்தாநேத்தும். பாக்காட்டித் தலை வலிக்குதுப்பா" என்றாள்.

மாஸ்டர் திட்டப் பார்த்தார். விசிலில் காற்று போய்ச் சின்னதாக, அழுகிற கோழிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. சாப்பிட்டது செரிக்க வேண்டாமா என்று ஒரு காலத்தில் சிகரெட்டுக்குச் சாக்காகத் தானே சொன்னது, வெளிக்குப் போக வேண்டாமா என்று தானே சொன்னது, எல்லாம் ஞாபகம் வந்தது. மரத்துக்கு என்று சொல்ல அப்போது அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நேராகப் போய் ஆபீஸ் வராந்தாவில் தொங்கிய சிவப்புத் தீயணைப்பு வாளிகளில் ஒன்றை எடுத்தார். பள்ளி ஆரம்பித்த நாளிலிருந்து யாரும் தொடாத மண், ஆரஞ்சுத் தோலும் பஸ் டிக்கெட்டுமாகக் கிடந்தது. தோலைப் பொறுக்கி எறிந்துவிட்டு, கெமிஸ்ட்ரி லேபிலிருந்து எடுத்த கையுறையை மாட்டிக்கொண்டு, பட்டப்பகலில், அத்தனை ஜன்னலும் பார்க்க, மரத்தடியைத் தோண்டினார். வேர்கள் ஒவ்வொரு வேப்பையும் சுற்றி விரலை மடக்கிய மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தன. இழுத்தால் வரவில்லை, வெட்ட அவருக்கு மனசில்லை. ஆகவே வாசலில் இத்தனை வருஷமும் பையன்களிடம் சொன்னதையே, அதே குரலில் சொன்னார்:

"ம். கையைத் திற."

மரம் அசையவில்லை.

"திறங்கறேன். அடிக்க மாட்டேன்."

ஒரு வேர் மெல்ல விரிந்தது. அப்புறம் இன்னொன்று. கிளைகளெல்லாம் தலை குனிந்து, செருப்பைப் பார்த்து நிற்கிற பையன் மாதிரி நின்றன. உடைக்காமல், நசுக்காமல், ஒவ்வொன்றாக எடுத்து வாளி மண்ணுக்குள் படுக்க வைத்தார் மாஸ்டர். மகளிடம் வாங்கியதைக் கடைசியாக வைத்தார்.

தாளாளர் ஓடிவந்தார். "மாஸ்டரே, என்னுங்க இது, அமைச்சரு வர்றாருங்க! உங்களுக்கு என்னாச்சு?"

"மரம் பாத்துக்காதுங்க. நாமதான் பாக்கோணும்."

சிப்காட்டுக்குத் தன் மொபெட்டிலேயே கொண்டுபோனார், காலுக்கு நடுவே வாளி. கம்பெனிப் பையன் வாளியைப் பார்த்துவிட்டு, ஊரே பதில் சொல்லாத அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"யாரோடதுங்க?"

"என்னுது."

"அத்தனையுமா?"

"அத்தனையும் என்னுதுதான்."

பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி, அங்க வெச்சுட்டுப் போங்கண்ணா. வாளியை மறக்காம எடுத்துக்கங்க." அவ்வளவுதான். டிராயர் உருகி, மரம் கெட்டு, ஊர் திரண்டு, ஃப்ளெக்ஸ் வைத்ததெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்குத்தானா என்று மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க நேரமில்லை. அவர் ஊர் வந்து சேர்வதற்குள் வாட்ஸப் வந்து சேர்ந்திருந்தது: 'பி.டி. மாஸ்டர் வாளி வாளியாக இழுப்பாராம். பிள்ளைகள் ஜாக்கிரதை.' மேடம் அவரை ஒழுங்குக் கமிட்டியிலிருந்து எடுத்தார். வாசலில் சோதனை போடுகிற வேலை ஹிந்தி சாருக்குப் போயிற்று. தாளாளர் பேச்சை நிறுத்தினார். மாஸ்டர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. சொன்னால் லிச்சி யாருடையது என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

அதன்பிறகு தினமும் பள்ளி விட்டதும் மாஸ்டர் மரத்தடியில் வந்து உட்கார்ந்தார். மரம் அவர் தலைமேல் காய் போட்டது. போட்டுக்கோ என்றார். இலையை உதறி வசவு மாதிரி இறைத்தது. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு என்றார். சட்டைப்பையிலிருந்து கிராம்பு எடுத்து, ஒன்றை வாயில் போட்டு, ஒன்றை வேரோரத்தில் அழுத்தி வைத்தார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மரத்தின் அந்தப் பக்கத்தில் யாரோ பையை வீசி உட்காரும் சத்தம் கேட்டது.

"தலை வலிக்குது" என்றது அந்தப் பக்கம்.

மாஸ்டர் திரும்பாமலே ஒரு கிராம்பை அடிமரத்தைச் சுற்றி நீட்டினார்.

"உவ்வே. காரமா இருக்குது."

"இருக்கும்."

"எல்லாரும் உங்களைத்தான் சொல்றாங்க. நாந்தான்னு சொல்லிரட்டுமா?"

"கிராம்பை மெல்லு அம்மிணி. துப்பாத."

மரத்துக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் கோபம் வந்தது, ஒரே நேரத்தில் அடங்கியது. அவள் பேனா மூடியைக் கடித்துத் துப்பினாள், மரம் பட்டையை உரித்துப் போட்டது. அவள் அப்பாவிடம் ஒரு நாள் கத்தினாள். மரம் ஒரு சின்னக் கிளையையே முறித்தது. அமைச்சர் வரவில்லை, பக்கத்தூரில் நீச்சல் குளத்தைத் திறந்து வைக்கப் போய்விட்டார். ஃப்ளெக்ஸைக் கழற்றி வாட்ச்மேன் தன் சைக்கிளுக்குப் போர்த்திவிட்டார். சுகர்க்காரர்கள் வாக்கிங்கை நிறுத்தினார்கள். ஊருக்கு ஒரு மரம் வெறும் மரமாக இருப்பதில் பெரிய ருசி இல்லை.

பிறகு ஒரு சாயங்காலம், வெயில் மைதானத்தைக் கடந்து கம்பி வேலிக்கு அப்பால் இறங்கிக்கொண்டிருந்தபோது, தாழ்ந்த கிளை ஒன்றில் ஒரு ஜோடி இலை, நினைத்துப் பார்த்த மாதிரி, மெல்ல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பக்கத்து ஜோடி பார்த்தது, அதுவும் ஒட்டியது. கிளை கிளையாக, மேலே மேலே, மரம் முழுக்க இலைகள் மடிந்துகொண்டே போயின. காக்கைகள் பேச்சைப் பாதியில் நிறுத்தின. கனிஷ்கா எழுந்து இந்தப் பக்கம் வந்து அப்பாவின் அருகில் உட்கார்ந்தாள்.

கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தி, இத்தனை நாள் பேசாத தாளாளர் கண்ணாடியை இறக்கிக் குரல் கொடுத்தார். "மாஸ்டரே! டி.வி.க்காரங்க இப்ப மரத்தைப் படம் புடிக்க வர்றாங்களாமா. மரம் ஏன் ஒரு மாதிரி இருக்குது? ஒரு விசில் அடிங்க, எந்திரிக்குதான்னு பாப்போம்."

மாஸ்டர் உதட்டில் இருந்த விசிலை எடுத்தார், சட்டையில் நன்றாகத் துடைத்தார், கயிற்றோடு மகளின் கையில் வைத்தார்.

"வாயில வெச்சுக்க. கொஞ்ச நாளைக்கு உதட்டுக்கு ஏதாச்சும் வேணும்."

"அப்ப உங்களுக்கு?"

மாஸ்டர் உதட்டைத் தடவிப் பார்த்தார். அது எதையும் கேட்கவில்லை. கேட்டாலும் கிராம்பு இருந்தது.

கனிஷ்கா விசிலை வாயில் வைத்தாள். பழக்கமில்லாத மூச்சு பட்டு அது 'பீ' என்று லேசாக முனகியது. மேலே ஓர் இலை பாதி விரிந்து பார்த்தது.

"மெதுவா" என்றார் மாஸ்டர், குரலைத் தாழ்த்தி. "இப்பத்தான் கண்ணசந்துச்சு."